கறுப்பு பீரைச் சுவைத்து மதிப்பெண் போடுவது எப்படி?

வறுத்த பார்லி சேர்த்துக் காய்ச்சி நொதிக்கவைக்கும் கறுப்பு பீருக்கு ஸ்டவுட் என்று பெயர். அதில் காட்டமான ரகங்களைப் பற்றியது இந்த அத்தியாயம். படித்து முடித்தால் ஒரு பாட்டிலைத் திறந்து, பார்த்து, முகர்ந்து, சுவைத்து, 50-க்கு இத்தனை என்று காரணத்தோடு உங்களால் எழுத முடியும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். ‘எனக்குப் பிடிக்கிறது’ என்பது வேறு, ‘நன்றாகச் செய்திருக்கிறார்கள்’ என்பது வேறு. சேலம், நாமக்கல் பக்கம் இதோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஆலையில் நன்றாகவே செய்த பீர், லாரியிலும் கிடங்கிலும் வெந்து கெட்டுப்போய் நம் கைக்கு வரலாம். மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், பீரை எடைபோடும் முன் பாட்டில் எப்படி வந்து சேர்ந்தது என்று பார்ப்பதே முதல் வேலை.

தொடங்கும் முன்: சட்டமும் உடம்பும்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி அரசால், இதே சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல்லும் அன்று அதில் அடக்கம். குடி இங்கே பல வீடுகளைக் குலைத்திருக்கிறது. இந்த அத்தியாயம் யாரையும் குடிக்கப் பழக்குவதற்கு அல்ல. ஏற்கெனவே அளவாக அருந்துகிறவர் குறைவாகக் குடித்து அதிகமாகக் கவனிக்கக் கற்பதற்குத்தான்.

- தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்பது சட்டப்படி குற்றம். சுவைக்கும் மேசையிலும் அதே வயதுக் கட்டுப்பாடு இருக்கட்டும்.
- வீட்டில் பீர் காய்ச்சுவதும், அனுமதி இல்லாமல் வெளி மாநில மதுவைக் கொண்டுவருவதும் குற்றம். பெங்களூரில் சுவைத்தால் பெங்களூரிலேயே முடித்துவிடுங்கள்.
- கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், குடியை விட்டவர்கள் இதில் சேரவே கூடாது. சர்க்கரை, வலிப்பு, மனநலக் கோளாறு ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மெட்ரோனிடசோல் மாத்திரை சாப்பிடும் நாட்களிலும் கூடாது.
- 330 மில்லி பாட்டிலில் 8.8 சதவீத ஸ்டவுட் இருந்தால், அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 23 கிராம். 10 கிராமை ஓர் அளவு என்று வைத்தால் அந்த ஒரு பாட்டிலே இரண்டே கால் அளவுக்கு மேல். வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்பதே இந்தியச் சட்டத்தின் வரம்பு. ஒரே பாட்டில் அதைத் தாண்டவைத்துவிடும். சுவைக்கும் நாளில் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

எந்த ஸ்டவுட்டை எடுப்பது?

நம் ஊர்க் கடைகளில் அடுக்கியிருப்பது பெரும்பாலும் வெளிர்மஞ்சள் லாகர்தான். ஸ்டவுட் அபூர்வம். கிடைக்கக்கூடிய வழிகள் இரண்டு. ஒன்று, சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரின் சிறு பீர் ஆலைகள். அங்கே பீரை அதே கட்டடத்தில் தயாரித்துக் குழாயில் தருகிறார்கள். போர்டில் ஸ்டவுட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். இன்னொன்று, இலங்கை போய் வருபவர்களுக்குத் தெரிந்த லயன் ஸ்டவுட். 1881-இல் நுவரெலியாவில் தொடங்கிய சிலோன் ப்ரூவரியின் வாரிசு அது. இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் தயாராகிறது. ஆல்கஹால் 8.8 சதவீதம். மைக்கேல் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் பாராட்டி எழுதியதால் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது.

ரகம் தெரியாமல் மதிப்பெண் போட முடியாது. இந்த மூன்றை மனதில் வைத்தால் போதும்:

- டிராபிகல் ஸ்டவுட்: ஆல்கஹால் 5.5 முதல் 8 சதவீதம். வெல்லப்பாகும் உலர்பழமும் தூக்கலாக, கசப்பு அடங்கி இருக்கும். லயன் ஸ்டவுட்டை இதில்தான் சேர்க்கிறார்கள், ஆல்கஹால் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும்.
- ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்: 6.3 முதல் 8 சதவீதம். இனிப்பு குறைவு, வறுவலும் கசப்பும் முன்னால் நிற்கும். வெளிநாட்டு கின்னஸ் பாட்டில்களில் 7.5 சதவீத வகை இதற்கு உதாரணம்.
- இம்பீரியல் ஸ்டவுட்: 8 முதல் 12 சதவீதம். கனம், காட்டம், நீண்ட பின்சுவை.

இனிப்பாக இருக்கிறது என்று டிராபிகல் ஸ்டவுட்டுக்கு மதிப்பெண் குறைப்பது தவறு. இனிப்பு அதன் இயல்பு.

மேசையைத் தயார் செய்தல்

1. பாட்டிலின் தேதியைப் பாருங்கள். மூடியில் துரு, கழுத்தில் கசிந்து காய்ந்த பிசுக்கு, வழக்கத்தைவிடக் குறைந்த மட்டம், இவற்றில் ஒன்று இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.
2. பாட்டிலை ஃப்ரிட்ஜில் ஒரு நாள் நிற்கவையுங்கள், படுக்கவைக்க வேண்டாம். வண்டல் இருந்தால் அடியில் தங்கிவிடும்.
3. சுவைப்பதற்கு 20 நிமிடம் முன்பு வெளியே எடுங்கள். 10 முதல் 13 டிகிரி சரியான குளிர். ஜில்லென்று குடித்தால் மணமும் தெரியாது, குற்றமும் தெரியாது.
4. எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். நிறமும் தெரியாது, மணமும் நிற்காது. வாய் குறுகிய ஒயின் கிளாஸ் போதும்.
5. கிளாஸை வாசனையில்லாத சோப்பில் கழுவி, நன்றாக அலசி, கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் ஊற்றினால் உட்புறம் சீராக நனைய வேண்டும். திட்டுத்திட்டாக ஒதுங்கினால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, நுரை நிற்காது.
6. காலை 11 மணி போல உட்காருங்கள். வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, முழுக்க நிரம்பியும் இருக்கக் கூடாது. முதல்நாள் பூண்டு, கருவாடு வேண்டாம்.
7. மல்லிகைப்பூ, ஊதுபத்தி, அத்தர், தலைக்குத் தேய்த்த எண்ணெய், சிகரெட் எல்லாம் அறைக்கு வெளியே.
8. நடுவில் வாய் கழுவ அறை வெப்பத் தண்ணீரும், உப்புக் காரம் இல்லாத பொரியும் வையுங்கள். தட்டுவடை செட்டும் மிளகாய் பஜ்ஜியும் எல்லாம் முடிந்த பிறகு.
9. ஒருவருக்கு ஒரு கிளாஸில் 60 மில்லி, ஒரு அமர்வில் அதிகபட்சம் நான்கு பீர். 8 சதவீதம் என்று வைத்தால் மொத்தம் சுமார் 15 கிராம் ஆல்கஹால். துப்புவதற்கு ஒரு சொம்பும் பக்கத்தில் இருக்கட்டும்.

மூக்குக்குப் பயிற்சி: பாட்டில் திறக்காமலே

ஸ்டவுட்டில் வரும் மணங்களில் பாதி உங்கள் அடுக்களையிலும் தெருவிலும் இருப்பவைதான். கீழே உள்ளவற்றைச் சிறு கிண்ணங்களில் போட்டு மூடுங்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, இன்னொருவர் கிண்ணத்தை நீட்டட்டும். இதைத் தினமும் ஐந்து நிமிடம் செய்தாலே மூக்கு பழகிவிடும்.

- ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையை நடுத்தரமாக வறுத்து அரைத்த தூள். இதுதான் நல்ல வறுவல் மணம்.
- அதே கொட்டையைக் கருக வறுத்தது. சாம்பல் வாடை அடிக்கும், தொண்டை கமறும். பீரில் இது தூக்கலானால் குறை.
- சிக்கரித்தூள். காப்பியிலிருந்து இதைப் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.
- இனிப்பு சேர்க்காத கோகோ.
- பரமத்தி வேலூர் பக்கத்து வெல்லத்தைக் கரண்டியில் பாகுபதம் தாண்டிக் கொஞ்சம் கருகவிட்டது. டிராபிகல் ஸ்டவுட்டின் அடையாளமே இந்த மணம்.
- உலர்திராட்சை, பேரீச்சை, பழம்புளி.
- நனைத்த முட்டை அட்டை. நாமக்கல்லில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஒரு துண்டை வெந்நீரில் ஊறவைத்து மோந்து பாருங்கள். பழசாகிப்போன பீரின் வாடை இதுதான்.
- உருக்கிய வெண்ணெய், கிராம்பு, வேகவைத்த மக்காச்சோளம், பச்சை ஆப்பிள், புளித்த மோர், வினிகர், சோயா சாஸ்.
- நெயில் பாலிஷ். மூடியைத் திறந்து ஒரு முழத் தூரத்தில் ஒரு நொடி, அவ்வளவுதான். கிண்ணத்தில் ஊற்ற வேண்டாம், அடுப்புப் பக்கம் கொண்டுபோகவும் வேண்டாம்.

குறிப்பு: மூக்கு மரத்துவிட்டால் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தையே மோந்து பாருங்கள். பழகிய மணம் என்பதால் மூக்கு சமநிலைக்கு வரும்.

சுவைக்கும் வரிசை

மதிப்பெண் எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. ஒருவர் ‘காப்பி மாதிரி இருக்கு’ என்று சொல்லிவிட்டால், மேசையில் இருக்கும் எல்லோருக்கும் காப்பிதான் தெரியும்.

1. திறக்கும்போது கேளுங்கள். மெலிதான ‘உஸ்’ சத்தம் சரி. சத்தமே இல்லையென்றால் வாயு போய்விட்டது. ஆடாமல் இருந்த பாட்டில் திறந்ததும் நுரையாகப் பொங்கினால் கிருமி சேர்ந்திருக்கலாம்.
2. ஊற்றுங்கள். கிளாஸைச் சாய்த்துப் பாதிவரை, பிறகு நிமிர்த்தி நடுவில். ஒரு விரல் கனத்துக்கு நுரை வர வேண்டும். அடியில் வண்டல் தெரிந்தால் கடைசிச் சொட்டுகளை விட்டுவிடுங்கள்.
3. உடனே மோந்து பாருங்கள். நிறம் எங்கேயும் ஓடிவிடாது, மணம் ஓடிவிடும். இரண்டு மூன்று சிறு இழுப்புகள். முதலில் தோன்றியதை அப்படியே எழுதுங்கள்.
4. பிறகு பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கிளாஸின் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு தெரியலாம், முழுக்கக் கறுப்பாகவும் இருக்கலாம். இரண்டும் குறையல்ல. நுரை பழுப்பாக, சிறு குமிழிகளோடு இருக்க வேண்டும். காட்டமான ஸ்டவுட்டில் ஆல்கஹாலே நுரையை அமுக்கும். அதனால் நுரை சீக்கிரம் அடங்கினால் பெரிதாகக் குறைக்க வேண்டாம்.
5. கிளாஸைச் சுழற்றி மறுபடி மோந்து பாருங்கள். வறுவலுக்கு அடியில் என்ன இருக்கிறது? பழமா, வெல்லமா, சாராய நெடியா?
6. முதல் வாய் பழக்கத்துக்கு. ஒரு தேக்கரண்டி அளவு. வாய் முழுக்கப் பரவவிட்டுத் துப்பிவிடுங்கள். இதை வைத்து எதுவும் எழுத வேண்டாம்.
7. இரண்டாம் வாயில் வரிசை பிடியுங்கள். முதலில் வருவது என்ன, நடுவில் என்ன, கடைசியில் என்ன? நல்ல ஸ்டவுட்டில் இனிப்பு முதலில் வந்து, வறுவல் நடுவில் எழும்பி, கசப்பு கடைசியில் வந்து இனிப்பைக் கழுவிவிட்டுப் போகும்.
8. நாக்கில் அதன் கனத்தைப் பாருங்கள். தண்ணீராக ஓடுகிறதா, பாலேடு போல வழவழக்கிறதா? வாயு குத்துகிறதா? ஈறுகளில் துவர்ப்பு இழுக்கிறதா?
9. மூன்றாம் வாயில் ஒரு சின்ன மிடறு விழுங்குங்கள். கசப்பின் கடைசிப் பகுதி அடித்தொண்டையில்தான் தெரியும். அதனால்தான் பீர் நடுவர்கள் எல்லாவற்றையும் துப்பிவிடுவதில்லை. நெஞ்சில் இதமான வெதுவெதுப்பு வந்தால் சரி. எரிந்தால் குறை.
10. பின்சுவையை எண்ணுங்கள். விழுங்கியபின் சுவை எத்தனை நொடி நிற்கிறது, எதில் முடிகிறது என்று குறியுங்கள்.
11. கால் மணி நேரம் கழித்து மறுபடி. பீர் சூடேறும்போது ஒளிந்திருந்த குணமும் குற்றமும் வெளிவரும். மதிப்பெண்ணை முடிவு செய்வது இதன் பிறகுதான்.

குற்றம் கண்டுபிடித்தல்

- நனைந்த அட்டை: காற்றும் வெப்பமும் சேர்ந்து செய்த வேலை. நம் ஊரில் அடிக்கடி எதிர்ப்படுவது இதுதான். குறை வைப்பிலா தயாரிப்பிலா என்று பாட்டில் தேதியை வைத்து யூகியுங்கள்.
- வெண்ணெய்: நொதித்தல் முழுதாக முடியும் முன் அவசரப்பட்டிருக்கிறார்கள். குழாய்ப் பீரில் வந்தால் குழாயைச் சுத்தம் செய்யாததும் காரணமாகலாம்.
- பச்சை ஆப்பிள்: இளம் பீர், முதிரவில்லை.
- வெந்த சோளம்: கொதிக்கவைத்தது போதவில்லை. ஸ்டவுட்டில் வறுவல் இதை மறைத்துவிடும், கவனமாகத் தேடுங்கள்.
- நெயில் பாலிஷ், சாராய எரிச்சல்: அதிக வெப்பத்தில் நொதித்தது.
- வினிகர், புளித்த மோர்: கிருமித்தொற்று. ஆனால் கறுக வறுத்த தானியத்துக்கே லேசான புளிப்பு உண்டு, அதைக் குற்றமாக எழுதாதீர்கள்.
- கிராம்பு, மருந்துக்கடை வாடை: வேண்டாத ஈஸ்ட் புகுந்திருக்கலாம், அல்லது குளோரின் கலந்த தண்ணீர்.
- சோயா சாஸ்: ஈஸ்ட் செத்துக் கரைந்தது, அல்லது பீர் மிகப் பழசு.
- துருப்பிடித்த ஆணி: உலோகம் பட்டது. ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்த்தால் உறுதியாகிவிடும்.

எச்சரிக்கை: கண்ணாடித் துகள் மிதந்தாலும், பாட்டிலின் வாய் உடைந்திருந்தாலும், முத்திரை கலைந்திருந்தாலும் சுவைத்துப் பார்க்கும் பேச்சே வேண்டாம். கொட்டிவிடுங்கள்.

மதிப்பெண் போடுதல்

1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பிஜேசிபி என்ற பீர் நடுவர் அமைப்பின் 50 மதிப்பெண் முறை உலகமெங்கும் பழக்கத்தில் இருக்கிறது: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாய் உணர்வு 5, மொத்த அனுபவம் 10. கறுப்பாக, அழகாக இருக்கிறது என்று மயங்கினாலும் மூன்றுக்கு மேல் கொடுக்க முடியாது என்பதே இந்த முறையின் நல்ல அம்சம்.

கூட்டிவந்தது 45 அல்லது அதற்கு மேல் என்றால் உலகத்தரம். 38 முதல் 44 மிகச் சிறப்பு, 30 முதல் 37 சிறப்பு, 21 முதல் 29 நன்று, 14 முதல் 20 சுமார், அதற்குக் கீழே கோளாறு.

பெயர் மறைத்த ஒரு டிராபிகல் ஸ்டவுட்டுக்கு எழுதிய மாதிரித்தாள் இதோ:

- மணம் 9: கருகிய வெல்லம், கோகோ, பேரீச்சை. சூடேறியபின் லேசான சாராய நெடி.
- தோற்றம் 3: கறுப்பு, ஓரத்தில் சிவப்பு, பழுப்பு நுரை.
- சுவை 14: இனிப்பு முன்னால், வறுவல் நடுவில். கசப்பு போதாததால் முடிவில் திகட்டுகிறது.
- வாய் உணர்வு 4: வழவழப்பு நன்று, வாயு சற்றுக் குறைவு.
- மொத்த அனுபவம் 7: இரண்டாவது கிளாஸ் கேட்காது, ஆனால் முதல் கிளாஸ் நிறைவு.

கூட்டினால் 37. எண்ணைவிடப் பக்கத்தில் எழுதிய வரி முக்கியம். ‘சூப்பர்’, ‘செம’, ‘பரவாயில்லை’ என்ற சொற்களை எழுதினால் அடித்துவிட்டு, எது எங்கே என்று எழுதுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- ஐஸ் போடுவது. பீர் நீர்த்துவிடும், மணமும் அடங்கிவிடும். சூடாக இருந்தால் பாட்டிலைத் தண்ணீரும் ஐஸும் கலந்த வாளியில் பதினைந்து நிமிடம் வையுங்கள். ஃப்ரீசரில் மறந்த பாட்டில் வெடிக்கும்.
- காட்டத்தைத் தரமாக எண்ணுவது. 10 சதவீதம் என்பது லேபிளில் இருக்கும் எண், அதற்கு மதிப்பெண் கிடையாது. அந்தக் காட்டம் தெரியாமல் பீர் வழுக்கிக்கொண்டு இறங்கினால்தான் செய்தவருக்குப் பெருமை.
- லேசானதற்கு முன் கனமானதைச் சுவைப்பது. ஆல்கஹாலும் கசப்பும் ஏறுவரிசையில் வரட்டும். இல்லையென்றால் பின்னால் வரும் பீர் தண்ணீராகத் தெரியும்.
- லேபிளைப் பார்த்தபின் சுவைப்பது. பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி எண் எழுதிவையுங்கள்.
- மிச்சத்தைக் குடித்துத் தீர்ப்பது. காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று நான்கு பாட்டிலையும் காலி செய்தால் அதற்குப் பெயர் சுவைத்தல் அல்ல. மிச்சத்தைக் கறிக் குழம்பில் ஊற்றலாம், வாஷ்பேசினிலும் ஊற்றலாம்.

உங்களையே சோதித்துக்கொள்ள: மூன்று கிளாஸ் சோதனை

1. ஒரே தேதியிட்ட, ஆலையில் அடைத்த இரண்டு ஸ்டவுட் பாட்டில்களை வாங்குங்கள். ஒன்றை ஃப்ரிட்ஜில் வையுங்கள். மற்றதைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டு, வெயில் படாத பரணில் இரண்டு வாரம் வையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.
2. இரண்டையும் ஒரே குளிருக்குக் கொண்டுவாருங்கள்.
3. நீங்கள் பார்க்காமல் வீட்டில் ஒருவர் மூன்று கிளாஸில் 30 மில்லி வீதம் ஊற்றட்டும். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் மற்றது.
4. எது வேறு என்று சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். அதனால் ஒரு தடவை சரியாகச் சொன்னதை நம்பாதீர்கள். வெவ்வேறு நாட்களில் ஐந்து தடவை செய்து, குறைந்தது நான்கு தடவை சரியாக வருகிறதா என்று பாருங்கள்.
5. சரியாக வந்தால், எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். முட்டை அட்டையா, வறுவல் மங்கியதா, பழம் கூடியதா?

வராவிட்டால் குறை ஒன்றுமில்லை, மூக்குப் பயிற்சிக்குத் திரும்புங்கள். ஆனால் இந்தச் சோதனையில் தேறும்வரை, இரண்டு பீருக்கு நடுவே ஒரு மதிப்பெண் வித்தியாசம் என்று மற்றவர்களிடம் அடித்துச் சொல்லாதீர்கள்.